ஆபீஸ் ஹாலோவீனுக்கு வீட்டிலேயே முகமூடி செய்வது எப்படி? மைதா பசை, பழைய பேப்பர், ஒரு திருஷ்டி பூசணி முகம்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான்: கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் ஓசூர் போகிறீர்கள், அக்டோபர் 31 வெள்ளிக்கிழமை ஆபீஸில் ஹாலோவீன் கொண்டாட்டம், கடையில் வாங்கிய முகமூடிக்குப் பரிசு கிடையாது, கையால் செய்ததாக இருக்க வேண்டும். கைவேலை பழக்கமில்லை, கண்ணாடி போடுகிறவர், கையில் பத்து நாள் இருக்கிறது. என்ன செய்யலாம், எதில் செய்யலாம், எவ்வளவு செலவாகும்?

பத்து நாள் தாராளம். செலவும் பெரிதாக வராது, வீட்டில் இருப்பதை வைத்தே முக்கால்வாசி முடிந்துவிடும். பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் ஊர் நாடகங்களுக்கும் முகமூடி செய்து கொடுக்கிற ஆள் நான். அந்தப் பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன். முகமூடி என்றதும் எல்லாரும் முதலில் யோசிப்பது அது எவ்வளவு பயமாக இருக்க வேண்டும் என்று. மேடையில் பத்து நிமிடம் போடுவதற்கு அது சரி. ஆபீஸில் நீங்கள் மூன்று நான்கு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு நடக்கணும், பேசணும், படியிறங்கணும், கேக் வெட்டினால் சாப்பிடணும். அதனால் முதலில் மூச்சு, அடுத்து பார்வை, அடுத்து கனம், இது மூன்றும் முடிந்த பிறகுதான் பயம். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் கிரீடத்தையும் தோளில் கட்டுகிற புஜகீர்த்தியையும் கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செய்வது எதற்காக? ராத்திரி முழுக்க அதைச் சுமந்துகொண்டு ஆட வேண்டும் என்பதற்காகத்தான்.

அதனால் என் யோசனை, முழு முகமூடி வேண்டாம், நெற்றியிலிருந்து மேல் உதடு வரை மூடுகிற அரை முகமூடி செய்யுங்கள். வாயும் தாடையும் வெளியே இருக்கும், தாடைக்கு அதே நிறத்தில் லேசாக மேக்கப் போட்டால் போதும், பார்க்கிறவர்களுக்கு முழு முகம் மாதிரிதான் தெரியும். பேச்சு தெளிவாக இருக்கும். கண்ணாடியில் ஆவி படிவதும் பாதி குறையும்.

என்ன முகம் என்பதை அடுத்துப் பார்க்கலாம். ஆரஞ்சுப் பூசணி, மந்திரவாதிக் கிழவி, எலும்புக்கூடு இதெல்லாம் அன்றைக்கு ஆபீஸில் பத்துப் பேர் போட்டிருப்பார்கள். ஹாலோவீன் பழைய கெல்டிக் மக்களின் ‘சாவின்’ (Samhain) என்ற அறுவடை முடிவுப் பண்டிகையிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். அன்றைக்கு இறந்தவர்களின் ஆவிகள் உலவும், அவற்றின் கண்ணில் படாமல் இருக்க வேஷம் போட வேண்டும் என்பது நம்பிக்கை. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி உள்ளே விளக்கு வைத்தார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்களுக்கு அங்கே பூசணி பெரிதாகவும் குடைய வசதியாகவும் கிடைத்தது, அப்படித்தான் பூசணி முகம் வந்தது. கிறிஸ்தவர்களுக்கு மறுநாள் நவம்பர் 1 அனைத்துப் புனிதர் நாள், 2ஆம் தேதி கல்லறைத் திருநாள்.

இப்போது நம் பக்கம் திரும்பிப் பாருங்கள். ஆயுத பூஜை முடிந்ததும் கடை வாசலில் சாம்பல் பூசணியில் முட்டைக் கண்ணும் முறுக்கு மீசையும் கோரைப்பல்லும் வரைந்து கட்டித் தொங்க விடுகிறோமே, புது வீடு கட்டும்போது சாரத்தில் நாக்கைத் தொங்கவிட்ட ஒரு பொம்மையை மாட்டுகிறோமே, அதுவும் கெட்டதை விரட்டுகிற முகம்தான். அந்தத் திருஷ்டி முகத்தைச் செய்யுங்கள். வேறு யாரும் செய்து வரமாட்டார்கள், பார்த்ததும் எல்லாருக்கும் என்னவென்று புரியும், சிரிப்பும் வரும் பயமும் வரும், வரைவதற்கும் சுலபம். கண் கோணலாக வந்தாலும் திருஷ்டி பொம்மைக்கு அது அழகுதான், கைவேலை வராதவருக்கு இதைவிடத் தோதான முகம் கிடையாது.

ஒன்று மட்டும் வேண்டாம் என்பேன். காளி, அங்காளம்மன் முகத்தை இதற்கு எடுக்காதீர்கள். மகா சிவராத்திரியை ஒட்டி காவேரிப்பட்டணத்தில் அங்காளம்மன் திருவிழாவான மயானக் கொள்ளை எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், அங்கே காளி வேஷம் போடுவது வேண்டுதல், விளையாட்டில்லை. உங்கள் பஸ்ஸிலேயே அந்த ஊர்க்காரர்கள் இருப்பார்கள். அதே மாதிரி ஒருவருடைய நிறத்தையோ உடல் குறையையோ சாதியையோ கேலி செய்கிற எந்த முகமும் வேண்டாம், இதற்கு விளக்கம் தேவையில்லை.

சரி, வேலைக்கு வருவோம். காகிதமும் பசையும்தான் அடிப்படை.

பசைக்கு ஒரு டம்ளர் மைதா, ஐந்து டம்ளர் தண்ணீர். மைதாவை முதலில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள், மிச்சத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கரைத்ததை அதில் மெல்ல ஊற்றிக் கிண்டுங்கள். ராகிக் களி கிண்டுகிற கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, கை நின்றால் கட்டி விழும், அவ்வளவுதான். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி பளபளப்பு வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். ஆறின பிறகு இரண்டு மூன்று ஸ்பூன் ஃபெவிகால் கலந்தால் பிடிப்பு கூடும். புளியங்கொட்டைப் பொடியிலும் பசை காய்ச்சலாம், பிடிப்பு மைதாவைவிட நன்றாகவே இருக்கும், ஆனால் கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி அரைப்பது பெரிய வேலை, பொடியாகக் கிடைத்தால் மட்டும் பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. போஸ்டர் ஒட்டுகிறவர்களும் பைண்டிங் வேலை செய்கிறவர்களும் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார்கள். யாராவது உங்களுக்கும் அதைச் சொல்லலாம். சுவரில் ஒட்டுகிற பசைக்கு அது சரி, மூக்குக்கும் வாய்க்கும் பக்கத்தில் மணிக்கணக்கில் வைக்கிற பொருளில் கூடவே கூடாது, அது விஷம். பசை புளித்துப் போகாமல் இருக்க ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும், வாசனைக்கு நாலு சொட்டு கிராம்பு எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள். உப்பு போடச் சொல்கிறவர்களும் உண்டு. ஐப்பசி மழையில் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் நான் போடுவதில்லை.

அடுத்து அச்சு. பலூன் ஊதி அதன் மேல் ஒட்டுவது எல்லாருக்கும் தெரிந்த வழி, ஆனால் பலூன் உங்கள் முகம் இல்லை, காய்ந்த பிறகு கன்னத்தில் இடிக்கும், மூக்கில் உட்காராது. சப்பாத்தி சுற்றி வைக்கிற அலுமினியத் தாளை மூன்றாக மடித்து, உங்கள் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதன் மேலேயே முகத்தில் வைத்து நெற்றி, புருவ எலும்பு, மூக்கு, கன்னம் என்று விரலால் மெல்ல அழுத்துங்கள். வாயையும் மூக்குத் துளைகளையும் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒருவர் இருந்தால் சுலபம். கண்ணாடியோடு அச்சு எடுப்பதால் அதற்கான இடம் தானாகவே உள்ளே கிடைத்துவிடும். கண்ணாடி போடுகிறவர்கள் முகமூடியில் படுகிற அவஸ்தையில் பெரும்பகுதி இந்த ஒரு வேலையிலேயே தீர்ந்துவிடும். தாளை வளையாமல் எடுத்து, குழிப் பக்கத்தில் கசக்கின பேப்பரை நிறைத்து, ஒரு தட்டில் கவிழ்த்து, மேலே மெல்லிய பாலித்தீன் கவர் ஒன்றைப் போர்த்தி டேப் போட்டுவிடுங்கள். அப்போதுதான் காய்ந்ததும் ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வரும்.

புருவ மேடு, முட்டைக் கண்ணின் வளையம், பெரிய மூக்கு, உப்பின கன்னம் எல்லாவற்றையும் பேப்பரைக் கசக்கி உருட்டி மாஸ்கிங் டேப்பால் அச்சின் மேல் ஒட்டிக்கொள்ளலாம். கொஞ்சம் மிகையாகவே செய்யுங்கள், மேலே நாலு அடுக்கு காகிதம் விழும்போது மேடு பள்ளமெல்லாம் மழுங்கிப்போகும்.

பேப்பரைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். வெட்டின ஓரம் கோடாகத் தெரியும், கிழித்த ஓரம் ஒன்றோடொன்று கலந்துவிடும். செய்தித்தாள் மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கண்டபடி போகும், அதனால் மேலிருந்து கீழாக இரண்டு விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். பசையில் முக்கி இரண்டு விரலுக்கு நடுவே இழுத்து அதிகப் பசையை வழித்துவிட்டு ஒட்டணும். சொட்டச் சொட்ட ஒட்டினால் காய நாளாகும், கனமும் கூடும். முதல் அடுக்கு நெடுக்காக, அடுத்தது குறுக்காக. ஒரு அடுக்கு செய்தித்தாள், அடுத்த அடுக்கு நோட்டுக்கு அட்டை போடுகிற பழுப்புத் தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போச்சு என்று கண்ணுக்கே தெரியும். நாலு அடுக்கு போதும், ஓரத்துக்கும் எலாஸ்டிக் மாட்டுகிற இடத்துக்கும் மட்டும் ஐந்தாவது. எல்லாம் முடிந்து கையில் தூக்கிப் பார்க்கும்போது கால் கிலோவுக்கு நன்றாகக் கீழே இருக்கணும், தாண்டினால் மதியத்துக்குள் மூக்குத் தண்டு வலிக்கும்.

ஒரே நாளில் நாலு அடுக்கையும் போட்டுவிடாதீர்கள். இரண்டு போட்டு ஒரு நாள் காயவிட்டு மறுபடி இரண்டு. இந்த மாதம் மழை, கிருஷ்ணகிரியிலேயே ஈரம், ஓசூர் பக்கம் குளிரும் சேர்ந்திருக்கும். வெயில் அடித்தாலும் சுள்ளென்ற வெயிலில் நேராக வைத்தால் ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து முறுக்கிக்கொள்ளும், ஹேர் ட்ரையரும் அதையேதான் செய்யும். ஃபேனுக்குக் கீழே நிழலில் வைப்பதுதான் நல்லது. வெளிப்பக்கம் காய்ந்ததும் அச்சிலிருந்து கழற்றி உள்பக்கத்தையும் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். உள்ளே ஈரம் இருக்கும்போதே பெயிண்ட் அடித்து மூடிவிட்டால் பூஞ்சை பிடிக்கும், அந்த நாற்றத்தை முகத்தில் மாட்டிக்கொண்டுதான் பார்ட்டிக்குப் போகணும். ராத்திரி தரையில் வைக்காதீர்கள். மைதா பசை எலிக்கும் கரப்பானுக்கும் விருந்து, காலையில் மூக்கு இருக்காது. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள்.

காய்ந்ததைத் தட்டினால் அட்டைப் பெட்டி மாதிரி டக் டக் என்று கேட்கணும், மத்தென்று கேட்டால் இன்னும் ஈரம்.

கண் துளைக்கு, முகத்தில் வைத்துப் பார்த்துப் பென்சிலால் குறித்து, சின்னதாக ஆரம்பித்து கொஞ்சம் கொஞ்சமாக பிளேடால் பெரிதாக்குங்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே ஆறு, ஆறரை செ.மீ. இருக்கும், ஆனால் அளவை நம்பாமல் உங்கள் முகத்தை வைத்தே பாருங்கள். துளையைக் கீழ்ப்பக்கமாக நன்றாக இறக்கி வெட்டணும், காரணம் படிக்கட்டு கீழேதான் இருக்கிறது. நேராகப் பார்க்க மட்டும் துளை விட்டவர்கள்தான் கேன்டீன் படியில் தடுமாறுவார்கள். துளை பெரிதாகி பொம்மையின் கண் கெட்டுப்போகுமே என்றால், தையல் கடையில் கறுப்பு வலைத்துணி கால் மீட்டர் வாங்கி உள்பக்கமாக ஒட்டிவிடுங்கள். உங்களுக்கு வெளியே எல்லாம் தெரியும், வெளியே இருப்பவருக்கு உங்கள் கண் தெரியாது, வெறும் கறுப்புக் குழி. ஒரு ரூபாய் பெயிண்ட் செலவில்லாமல் வருகிற பயம் இது. மூக்குக்கு அடியில் துளை தாராளமாக இருக்கட்டும். உள்ளே மூக்குத் தண்டு உட்காருகிற இடத்தின் மேல் ஒரு விரல் அகல ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டினால் மூச்சுக் காற்று மேலே ஏறாமல் கீழே போகும், கண்ணாடி மங்காது. நெற்றிப் பக்கம் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து ஒட்டினால் வியர்வையை இழுத்துக்கொள்ளும்.

மேலே வழவழப்புக்குச் சிலர் சுவருக்கு அடிக்கிற பட்டியைப் பூசுவார்கள். அதில் சிமெண்ட் இருக்கும், வியர்வை பட்டால் தோல் அரிக்கும், வேண்டாம். சாக்பீஸை நுணுக்கி ஃபெவிகாலும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுத் தயிர் பதத்துக்குக் குழைத்து இரண்டு கை பூசி, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் அக்ரிலிக்தான். எனாமல் வேண்டாம், வாரக்கணக்கில் வாசனை போகாது, தலைவலி வரும். முழுக்கச் சிவப்பு அல்லது அடர் மஞ்சள், அதன் மேல் கறுப்பும் வெள்ளையும், திருஷ்டி பொம்மைக்கு இந்த நாலு நிறமும் நிழலுக்குக் கொஞ்சம் அடர் பழுப்பும் போதும். ஆபீஸ் விளக்கு தலைக்கு மேலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழும், அதனால் நீங்கள் கஷ்டப்பட்டு எழுப்பின மேடு பள்ளம் அங்கே தட்டையாகத் தெரியும். அதற்குப் புருவத்துக்கு அடியிலும் மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்துக்குக் கீழும் அடர் பழுப்பைத் தேய்த்து நிழலை நீங்களே வரைந்துவிடணும், மேட்டின் உச்சியில் மஞ்சளை லேசாகத் தொட்டுவிடணும். பளபள வார்னிஷை முகம் முழுக்க அடித்தால் செல்போன் ஃபிளாஷில் வெறும் வெளிச்சம்தான் விழும், பரிசு கொடுப்பவர்கள் பாதிப் பேர் போட்டோவைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். மங்கலான வார்னிஷ் எல்லா இடத்துக்கும், பளபளப்பு முட்டைக் கண்ணின் வெள்ளைக்கும் பல்லுக்கும் மட்டும். அப்போதுதான் அவை ஈரமாக இருப்பது போலத் தெரியும்.

கோரைப்பல்லுக்குத் தெர்மாகோல் வேண்டாம், சில பெயிண்ட் பட்டாலே கரையும். காகிதத்தைக் கூம்பாக உருட்டிப் பசை தடவிக் காயவைத்தால் கல் மாதிரி ஆகும், மேல் உதட்டின் இரு ஓரத்திலும் கீழ்நோக்கி ஒட்டுங்கள். மீசைக்குத் தேங்காய் நாரைச் சீவிக் கறுப்புச் சாயம் போடலாம், தலைமுடிக்குப் பழைய சணல் சாக்கைப் பிரித்தாலே கொத்துக் கொத்தாக வரும். வரப்போரத்து யானைக் கற்றாழை நாரும் அருமையாக இருக்கும், ஆனால் பச்சை மடலை நீங்களே இடித்து நார் எடுக்கப் போகாதீர்கள், அந்தச் சாறு பட்டால் தோல் பயங்கரமாக அரிக்கும். உரித்துக் காய்ந்த நார் கிடைத்தால் மட்டும். நாக்கு வேண்டுமென்றால் சிவப்புத் துணியில் தைத்துத் தாடையில் தனியாகக் கட்டிக்கொள்ளலாம், சாப்பிடும்போது கழற்றிவிடலாம்.

கட்டுவதற்குக் காதில் மாட்டுகிற ரப்பர் வேண்டாம், அரை மணியில் காது வலிக்கும். ஒரு அங்குல எலாஸ்டிக் எடுத்து, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இரு பக்கமும் தைத்து, பின்மண்டையில் சுற்றும்படி வையுங்கள். உச்சந்தலை வழியாக இன்னொரு பட்டை போனால் கீழே சரியாது. வெறும் ஓட்டை போட்டுக் கோர்த்தால் காகிதம் கிழியும், அந்த இடத்தில் உள்ளே ஒரு துண்டுத் துணியை ஒட்டி அதோடு சேர்த்துத் தையுங்கள்.

இவ்வளவுக்கும் நேரமில்லை, வேலை நெருக்கடியில் பத்து நாளும் ஓடிப்போய் 30ஆம் தேதி ராத்திரி வந்துவிட்டது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பெரிய பாக்குமட்டைத் தட்டு ஒன்று. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டால் வளைந்து கொடுக்கும், ஈரமாக இருக்கும்போதே கத்தரியால் கண்ணும் மூக்கும் வெட்டி, கீழ்ப்பாதியை நறுக்கி, முக அளவுள்ள குடத்தின் வளைவில் கயிற்றால் கட்டி ஃபேனுக்கடியில் விட்டால் காலையில் அதே வளைவில் நிற்கும். லேசாகவும் இருக்கும், மட்டையின் கோடுகளே வயதான தோல் மாதிரி இருப்பதால் பெயிண்டும் கொஞ்சம் போதும். பாக்குமட்டை கிடைக்கவில்லை என்றால் தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் மூடி இன்னும் வீட்டில் கிடக்கும், அந்த அட்டையில் முகம் வெட்டி, நெற்றியில் இரண்டு, கன்னத்து ஓரத்தில் இரண்டு என்று கத்தரியால் கீறிவிட்டு, கீறின ஓரங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் தட்டை அட்டை குழிந்து முகமாகும்.

அன்றைக்குக் கவனிக்க வேண்டியவை கொஞ்சம். கேட்டில் ஐடி காட்டும்போது முகமூடி பையில்தான் இருக்கணும், செக்யூரிட்டியிடம் விளையாட்டு வேண்டாம். ஆபீஸ் பகுதியில் மட்டும் போடுங்கள். உற்பத்திப் பகுதிக்குள் நார் முடியும் தொங்குகிற நாக்கும் சுற்றுகிற மெஷினுக்குப் பக்கத்தில் போகவே கூடாது, எலக்ட்ரானிக்ஸ் லைனாக இருந்தால் நிலைமின் (static) காரணமாக இந்த மாதிரிப் பொருளை உள்ளேயே விடமாட்டார்கள். மெழுகுவர்த்தி ஏற்றி அலங்காரம் செய்திருந்தால் தள்ளியே நில்லுங்கள், உங்கள் முகத்தில் இருப்பது காய்ந்த காகிதமும் சணலும். கர்ப்பிணிகள், உடம்பு சரியில்லாதவர்கள் பின்னால் போய் திடீரென்று கத்துவதெல்லாம் வேண்டாம்.

பஸ்ஸில் கொண்டுபோக, முகமூடிக்குள் பழைய துணியை அடைத்து ஒரு சின்ன பிளாஸ்டிக் வாளியில் வைத்து மூடிவிடுங்கள், மழை பெய்தாலும் கவலையில்லை, சூளகிரி தாண்டிக் கூட்டம் ஏறினாலும் நசுங்காது. வாளிக்குள்ளேயே ஊசி நூல், ஒரு முழம் எலாஸ்டிக், ஒரு ஃபெவிக்விக், கறுப்பும் சிவப்பும் பெயிண்ட் கொஞ்சம் போட்டு வையுங்கள். பெரும்பாலும் எலாஸ்டிக் தையல்தான் முதலில் விடும்.

வெள்ளிக்கிழமை போடப்போவதை வியாழக்கிழமை ராத்திரி வீட்டில் அரை மணி நேரம் போட்டுக்கொண்டு டீ குடியுங்கள், படி ஏறி இறங்குங்கள், போனில் பேசிப் பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் ஒட்டிவிட்டால் ஆச்சு.